பெட்டியில் வராத இன்ஜின்

வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கான கிட், பிரிட்டனில் பெரும்பாலும் இன்ஜின் இல்லாமல்தான் வந்து இறங்கும். சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து உருவாக்கிய சேசிஸ், ஃபைபர் கிளாஸில் வார்த்த மூக்கும் மட்கார்டுகளும், அலுமினியத் தகடுகள், சஸ்பென்ஷன் ஆர்ம்கள், பை பையாக நட்டு போல்ட்டுகள். இவ்வளவுதான் வேனில் வரும். வண்டி ஓடுவதற்கு வேண்டிய கனமான சாமான்களை, அதாவது இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றையும், கட்டுபவரே ஒரு பழைய காரிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். அப்படிக் கழற்றப்படும் காரை அங்கே ‘டோனர்’ என்பார்கள். ரத்ததானம் செய்பவரைக் குறிக்கும் அதே சொல்.

புதிதாகக் கட்ட வருபவர்கள் பலரும் இந்த வேலையின் வரிசையை மாற்றிப் பிடித்துவிடுகிறார்கள். காரின் தோற்றம் மனதில் ஒட்டிக்கொள்ள, சேசிஸுக்கு முன்பணம் கட்டிவிட்டு, இன்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். ஆனால் இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டுகளை எங்கே வெல்டிங் செய்ய வேண்டும், கியர்பாக்ஸ் உட்காரும் டனல் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், பானெட்டுக்கு அடியில் எவ்வளவு உயரம் வேண்டும், எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் வெளியே வரும் என்பதெல்லாம் இன்ஜினைப் பொறுத்தவை. சேசிஸ் விற்பவர் ஆர்டர் எடுக்கும்போதே முதலில் கேட்பதும் இதைத்தான்.

2003இல் இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பகுதியில், ஒரு வீட்டை ஒட்டிய ஒற்றைக் கார் கொட்டகையில் கட்டத் தொடங்கி, 2005 கோடையில் சாலைக்கு வந்த ஒரு காரின் அனுபவமே இக்கட்டுரைக்கு அடிப்படை. இக்கட்டுரையாளர் கட்டிய முதல் கார் அது. இன்ஜினை முடிவுசெய்ய மட்டும் அவருக்குப் பத்து மாதங்கள் பிடித்தன. நடுவில் தவறான ஓர் இன்ஜினை விலை கொடுத்து வாங்கியதும் நடந்தது.

கட்ட நினைத்த கார், லோட்டஸ் செவன் வடிவத்தைப் பின்பற்றியது. காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957இல் அறிமுகப்படுத்திய அந்தக் காருக்குக் கதவு கிடையாது. மழைக்குத் துணிக் கூரை மட்டும். முழுமையாகக் கட்டி விற்கும் காருக்கு அன்று பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு. உதிரிபாகங்களாக விற்றால் அந்த வரி இல்லை. அதனால் செவன் கார்கள் பெருமளவு கிட்டாகவே விற்றன. 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது.

செவனின் வரலாற்றில் இன்ஜின் தேடுபவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் செவனில் இருந்தது ஃபோர்டின் 1172 சிசி சைடு வால்வு இன்ஜின். கடைக்குப் போய்வரும் சாதாரணக் குடும்பக் கார்களில் இருந்த அதே இன்ஜின்தான். சக்தி சுமார் 40 குதிரைத்திறன். அடுத்து வந்த சூப்பர் செவனில் பொருத்திய கவன்ட்ரி கிளைமாக்ஸ் இன்ஜினின் பூர்வீகம் இன்னும் எளிமையானது: தீயணைப்பு பம்புக்காக வடிவமைத்த இன்ஜின் அது. தூக்கிச் செல்ல வசதியாக எடை குறைத்துச் செய்யப்பட்டதால் பந்தயக் காருக்கும் பொருந்திவிட்டது. பிறகு ஆங்லியா, கார்ட்டினா போன்ற வீட்டுக் கார்களின் இன்ஜின்கள் வந்தன. செவனின் வேகம் எந்தக் காலத்திலும் இன்ஜினிலிருந்து மட்டும் வந்ததில்லை. எடையைக் குறைத்ததில்தான் அது பிறந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1980களின் ஃபோர்டு சியரா 2.0 காரில் 105 குதிரைத்திறன் இருந்தது. அந்தக் காரின் எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஆக, டன்னுக்கு ஏறக்குறைய 100 குதிரைத்திறன். அதே இன்ஜினை, அதில் எதையும் மாற்றாமல், 600 கிலோ எடையுள்ள செவன் வகைக் காரில் வைத்தால் டன்னுக்கு 175 குதிரைத்திறன் கிடைக்கும். முதல் காரைக் கட்டுபவர் இன்னும் சக்தி வேண்டும் என்று அலைவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்ப்பது நல்லது. இக்கட்டுரையாளர் அதைச் செய்யாமல்தான் தேடலைத் தொடங்கினார். அவருடைய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருந்த பட்டியல் குதிரைத்திறன் வரிசையில் அமைந்திருந்தது. எடை என்ற பத்தியே அதில் இல்லை.

பட்டியலின் உச்சியில் மோட்டார் சைக்கிள் இன்ஜின்கள் இருந்தன. 1998இல் வந்த யமஹா ஆர்1 பைக்கின் 998 சிசி இன்ஜின் 150 குதிரைத்திறன் தரும். 1999இல் வந்த சுஸுகி ஹயபுசாவின் 1299 சிசி இன்ஜின் அதையும் தாண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில் இருப்பதால் எடை மிகக் குறைவு. கியர் நெம்புகோலை முன்னும் பின்னும் தட்டினால் வரிசையாக மாறிக்கொண்டே போகும். இவற்றைப் பொருத்திய கார்களை ஓட்டியவர்கள் அந்த அனுபவத்தைக் கண்கள் விரியச் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கிடையாது. அதற்குத் தனிப் பெட்டியோ மின்மோட்டாரோ வேண்டும். செயின் சக்கரம் இருந்த இடத்தில் ப்ராப் ஷாஃப்டை இணைக்க அடாப்டர் வேண்டும். பைக் வளைவில் சாயும். அதனால் சம்ப்பில் இருக்கும் ஆயில் பெரும்பாலும் அடியிலேயே நிற்கும். கார் சாயாது. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்ச, பேரிங் உராய்ந்து போகும். இதைத் தடுக்க சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வேண்டும். எல்லாவற்றையும்விட டார்க் பிரச்சினை முக்கியமானது. இரண்டு லிட்டர் கார் இன்ஜின் 150 நியூட்டன் மீட்டரை ஒட்டிய டார்க்கைக் குறைந்த சுழற்சியிலேயே கொடுத்துவிடும். ஒரு லிட்டர் பைக் இன்ஜின் ஏறக்குறைய 100 தரும். அதற்கும் சுழற்சி பல ஆயிரங்களைத் தொட வேண்டும். போக்குவரத்து நெரிசலில், மேட்டில், இரண்டு பேரோடு நின்று கிளம்புவதற்கு அந்த கிளட்ச் செய்யப்பட்டதல்ல. ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகும் இரண்டாவது காருக்குப் பைக் இன்ஜின் பொருத்தமானது. முதல் காருக்கு அல்ல என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

எதிர்முனையில் ரோவர் வி8 இருந்தது. அமெரிக்காவின் ப்யூயிக்கில் பிறந்து, 1960களில் ரோவர் கைக்கு வந்த 3528 சிசி அலுமினிய இன்ஜின். மார்கன் பிளஸ் 8, ரேஞ்ச் ரோவர் என்று பல வண்டிகளில் ஓடியது. கோப்ரா வடிவ கிட் கார்களுக்கு அது இயல்பான தேர்வு. செவன் வகையின் ஒடுங்கிய முன்பகுதியில் எட்டு சிலிண்டரை நுழைத்தவர்களும் உண்டு. எக்ஸாஸ்டுக்கு இடம் செய்ய சேசிஸ் குழாயையே வெட்ட வேண்டியிருக்கும். இந்தப் பெயர் குறிப்பேட்டிலிருந்து ஒரே வாரத்தில் அடிக்கப்பட்டது.

மிச்சம் இருந்தவை நான்கு சிலிண்டர் கார் இன்ஜின்கள். இவற்றில் பழம்பெருமை மிக்கது ஃபோர்டின் கிராஸ்ஃப்ளோ. காற்றும் பெட்ரோலும் ஹெட்டின் ஒரு பக்கம் நுழைந்து, புகை மறுபக்கம் வெளியேறும். பெயர் அதனால் வந்தது. 1967இல் அறிமுகமானது. 1599 சிசி கொண்ட பெரிய வடிவம் செவனின் பானெட்டுக்கு அடியில் அளவெடுத்துத் தைத்தது போல் உட்காரும். ரான் சாம்பியன் எழுதி 1996இல் ஹெய்ன்ஸ் வெளியிட்ட, 250 பவுண்டுக்கே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று வழிகாட்டும் நூல், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைத்தான் டோனராகக் கொண்டது. அந்த நூலைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் வெல்டிங் கற்றுக்கொண்டார்கள். ஆனால் 2003 வாக்கில் பின்சக்கர எஸ்கார்ட்டுகள் ராலி பந்தயக்காரர்களின் கையில் விலை ஏறிவிட்டன. இன்னொரு சிக்கல் பெட்ரோலில் இருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 1999 இறுதியோடு பிரிட்டிஷ் பெட்ரோல் பங்க்குகளிலிருந்து போய்விட்டது. அந்த ஈயமே பழைய ஹெட்டுகளின் மென்மையான வால்வு சீட்டுகளுக்குக் காப்பாக இருந்தது. இப்போது ஹெட்டை இறக்கி, கடினமான சீட் வளையங்களை அடித்துப் பொருத்த வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் மருந்து கலக்க வேண்டும்.

1990களின் இன்ஜின்கள் இன்னொரு வகை. ரோவரின் கே சீரிஸ் முழுக்க அலுமினியம். 1796 சிசி வடிவம் 1996இல் வந்த லோட்டஸ் எலிஸுக்கே போதுமானதாக இருந்தது. எடையில் அதற்கு இணையாக அந்தக் காலத்தில் அதிகம் இல்லை; ஆனால் ஹெட் கேஸ்கட் போவதில் அதற்குக் கெட்ட பெயர். வாக்ஸாலின் சிவப்பு மூடி கொண்ட 16 வால்வு இரண்டு லிட்டர், 150 குதிரைத்திறன், உறுதியானது. 2003இல் நல்லதாகக் கிடைப்பது குறைந்துகொண்டிருந்தது. ஃபோர்டு ஸீடெக் எங்கும் கிடைத்தது. மோண்டியோவும் பிற்கால முன்சக்கர எஸ்கார்ட்டும் காயலான் கடைகளில் அடுக்கிக் கிடந்தன. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், இரட்டை கேம்ஷாஃப்ட், 1.8 லிட்டரிலும் 2.0 லிட்டரிலும்.

இந்தப் புதிய இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. அவை முன்சக்கரத்தை ஓட்டும் கார்களில் குறுக்காகக் கிடந்தவை. செவனில் இன்ஜின் நீளவாக்கில் நிற்க வேண்டும். கியர்பாக்ஸ் அதன் பின்னால் வர வேண்டும். தொண்ணூறு பாகை திருப்பினால் முடிந்தது என்று படத்தில் தோன்றும். திருப்பியதும் தண்ணீர் வெளியேறும் குழாய் நேராக இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரைப் பார்க்கும். சம்ப்பின் ஆழமான பகுதி சேசிஸ் குழாயில் இடிக்கும். ஆல்டர்னேட்டர் ஸ்டியரிங் தண்டுக்கு வழிவிடாது. கியர்பாக்ஸை இணைக்கும் பெல் ஹவுசிங் வேறு வடிவம். அதற்கேற்ற ஃபிளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. செய்து விற்கும் சிறு பட்டறைகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு விடைக்கும் ஒரு விலைச்சீட்டு உண்டு.

தவறான கொள்முதல் இந்த இடத்தில் நடந்தது. ஓர் உதிரிபாக வியாபாரியிடம் நவீன அலுமினிய இன்ஜின் ஒன்று 180 பவுண்டுக்குக் கிடைத்தது. இரண்டு பேர் சேர்ந்து கையால் தூக்கி வேனில் வைக்க முடிந்ததே பெரிய ஈர்ப்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு விலைச்சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன: பெல் ஹவுசிங், மாற்று சம்ப், தண்ணீர்க் குழாய் அடாப்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். கூட்டிப் பார்த்தால் 900 பவுண்டைத் தாண்டியது. அதைவிடப் பெரிய தடை வயரிங்கில் இருந்தது. அந்த இன்ஜினின் கணினி, அதன் காரில் இருந்த திருட்டுத் தடுப்புப் பெட்டியோடும் சாவியோடும் ஜோடி சேர்க்கப்பட்டது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுழலும், பெட்ரோல் பாயாது. பெட்டியும் சாவியும் காரின் உடலோடு நசுக்கப்பட்டுவிட்டன. வேறு கணினி வாங்கிப் பொருத்தலாம் என்றால், அதற்குரிய அளவீடுகளை ஏற்றித் தரும் கூலி தனி. இன்ஜின் நான்கு மாதம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. பிறகு, இத்தகைய வேலைகளில் கைதேர்ந்த ஒருவருக்கு 150 பவுண்டுக்குப் போனது.

அந்த நான்கு மாதங்களில் இக்கட்டுரையாளர் செய்த பயனுள்ள காரியம், பாதியில் நின்று விற்பனைக்கு வந்த கிட் கார்களின் விளம்பரங்களை வாசித்தது. மாத இதழ்களின் கடைசிப் பக்கங்களில் அவை நிறைய இருக்கும். படங்களில் சேசிஸ் நான்கு சக்கரங்களில் நிற்கும். பெயின்ட் அடித்த மட்கார்டு இருக்கும், சீட்டுகூடத் தைத்திருப்பார்கள். இன்ஜின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், அல்லது ஓர் இன்ஜின் உள்ளே இருந்தும் அதிலிருந்து எந்தக் குழாயும் கம்பியும் எங்கும் போயிருக்காது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் இரண்டு மூன்று ஆண்டு சனிக்கிழமைகள். அந்தப் படங்கள் மனதைக் கனக்கச் செய்தன. குறிப்பேட்டில் பட்டியலின் வரிசை அதன் பிறகே மாறியது. எந்த இன்ஜினைச் சுற்றி ஏற்கெனவே எல்லாம் கூடியிருக்கிறது என்பது முதல் கேள்வியானது. குதிரைத்திறன் கடைசிப் பத்திக்குப் போனது.

இந்தக் கேள்வியின் ஒரு பகுதி காகிதத்தைப் பற்றியது. 1998 முதல் பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார் ஒவ்வொன்றும் பதிவுக்கு முன் எஸ்.வி.ஏ. என்ற தனி ஆய்வில் தேற வேண்டியிருந்தது; 2009இல் ஐ.வி.ஏ. ஆய்வு அந்த இடத்தைப் பிடித்தது. புகைச் சோதனையின் கடுமை, கார் கட்டிய ஆண்டைப் பொறுத்ததல்ல, இன்ஜின் தயாரான ஆண்டைப் பொறுத்தது. 1975 ஆகஸ்டுக்கு முந்தைய இன்ஜினின் புகையைக் கண்ணால் பார்த்தாலே போதும். 1980களின் பிற்பகுதி இன்ஜினுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கார்புரேட்டர் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பியே அதை அடையலாம். கேட்டலிடிக் கன்வர்ட்டர் காலத்து இன்ஜினுக்கு உயர் சுழற்சியில் எல்லை 0.2 சதவீதம். கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், சரியாக இயங்கும் கணினி ஆகியவை இல்லாமல் அது நடக்காது. இன்ஜினின் வயதை நிரூபிக்கும் சான்றும் வேண்டும். பதிவு எண்ணிலும் இன்ஜினுக்குப் பங்கு உண்டு. புதிய சேசிஸோடு, ஒரே டோனரின் முக்கிய பாகங்கள் குறைந்தது இரண்டு இருந்தால், டோனரின் வயதைக் காட்டும் எண் கிடைக்கும். பல கார்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தால், கார் பிறந்த ஆண்டைச் சொல்லாத ‘கியூ’ எழுத்துப் பலகைதான்.

எல்லாக் கோடுகளும் சியராவில் வந்து சேர்ந்தன. 1982 முதல் 1993 வரை தயாரான, பின்சக்கரத்தை ஓட்டும் குடும்பக் கார் அது. இன்ஜின் நீளவாக்கில் நிற்கும். பின்னால் டைப் 9 என்ற ஐந்து கியர் பெட்டி. அதன் பின்னால் தனித்தனியாக அசையும் பின்சக்கரங்களுக்கான டிஃபரன்ஷியல். கிட் நிறுவனங்கள் பலவும் சேசிஸை இந்தக் காரை வைத்தே வரைந்திருந்தன. 1989 வரை வந்த இரண்டு லிட்டர் சியராக்களில் இருந்தது, பின்டோ என்று எல்லோரும் அழைக்கும் 1993 சிசி இன்ஜின்.

பின்டோவைப் புகழ்ந்து பேசுபவர்கள் குறைவு. ஹெட்டும் பிளாக்கும் இரும்பு. கிராஸ்ஃப்ளோவைவிடக் கனம், உயரமும் அதிகம். கேம்ஷாஃப்டுக்கு ஆயில் தெளிக்க மேலே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. அதன் துளைகள் அடைத்துக்கொண்டால் கேம் மேடுகள் தேயும். தையல் மெஷின் ஓடுவது போல் தட்டும் சத்தம் கேட்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் 1970 முதல் எல்லோருக்கும் தெரிந்த குறைகள். ஒவ்வொன்றுக்கும் மருந்து என்ன, எத்தனை பவுண்டு, எந்த ஸ்பேனர் என்பது வரை அச்சில் இருக்கிறது. தெரிந்த குறையோடு வரும் இன்ஜின், தெரியாத நிறையோடு வரும் இன்ஜினைவிட முதல் காருக்கு நல்லது.

1987ஆம் ஆண்டு சியரா ஒன்று 120 பவுண்டுக்குக் கிடைத்தது. கதவுக்கு அடியில் தகடு துருப்பிடித்து ஆண்டு ஆய்வில் தோற்றிருந்தது; ஆனால் ஓடியது. ஓடும் காராக வாங்கியதன் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டும். தரையில் கிடக்கும் இன்ஜின் எதையும் சொல்லாது. ஓடும் கார் எல்லாவற்றையும் சொல்லிவிடும்: ஆயில் பிரஷர் விளக்கு அணைய எத்தனை நொடி, தெர்மோஸ்டாட் எப்போது திறக்கிறது, மூன்றாவது கியர் கரகரக்கிறதா, டிஃபரன்ஷியல் ஊளையிடுகிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா. பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் நான்கு சிலிண்டர்களும் 160க்கும் 168க்கும் நடுவில் நின்றன. நான்கும் ஒன்றை ஒன்று ஒட்டி இருந்ததுதான் மகிழ்ச்சி தந்தது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் கேஸ்கட்டோ வால்வோ கெட்டிருக்கும். தட்டும் சத்தம் இருந்தது. வால்வு கவரைத் திறந்ததும், காலாகாலத்தில் ஆயில் மாற்றாத யாரோ ஒரு முன்னாள் உரிமையாளரின் கறுப்புப் பசையும், அடைபட்ட இரண்டு துளைகளும், அவற்றுக்கு நேர் கீழே தேய்ந்த இரண்டு கேம் மேடுகளும் தெரிந்தன. பின்டோவில் கேம்ஷாஃப்டைப் பின்பக்கமாகத்தான் உருவ முடியும். காருக்குள் இருக்கும்போது சிரமம். இன்ஜினை இறக்கி ஸ்டாண்டில் மாட்டிய பிறகு ஒரு பிற்பகல் வேலை. கேம்ஷாஃப்ட், அதோடு உரசும் விரல்கள், தெளிப்புக் குழாய் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய விரலோடு புதிய கேமை ஓட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும்.

சேசிஸில் இறக்கும்போது உயரம் தன் வேலையைக் காட்டியது. சியராவின் சம்ப் சேசிஸின் அடிக்குழாய்க்குக் கீழே தொங்கியது. வேகத்தடையில் முதலில் இடிப்பது அதுவாகத்தான் இருக்கும். அடியை வெட்டிக் குறைத்து, இழந்த கொள்ளளவுக்கு ஈடாகப் பக்கவாட்டில் சிறகு போல் அகலப்படுத்தி வெல்டிங் செய்து, ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதே அளவு குறைக்க வேண்டியிருந்தது. மேலே ஏர் ஃபில்டருக்காக பானெட்டில் ஒரு துளை வெட்டி, அதன் மேல் ஒரு திமில்.

அதிக நாள் விழுங்கியது தண்ணீர்தான். செவனின் மூக்கு தாழ்ந்தது. ரேடியேட்டரின் தலை, பின்டோவின் ஹெட்டைவிடக் கீழே நிற்கும். தண்ணீர் ஊற்றும் வாய் ரேடியேட்டரில் இருந்தால், ஊற்றும் தண்ணீர் அந்த மட்டத்தோடு நின்றுவிடும். இன்ஜினில் மிக அதிகமாகச் சூடாகும் இடத்தில் காற்று அடைபட்டுக் கிடக்கும். வெப்பநிலை முள் சாதாரணமாகக் காட்டும். ஏனென்றால் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. ஹெட் வளைந்த பிறகே விஷயம் தெரியவரும். தடுப்புச் சுவரில் எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் ஒரு எக்ஸ்பான்ஷன் பாட்டிலை வைத்து, ஹெட்டின் உச்சியிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய குழாயை ஏற்றம் குறையாமல் இழுத்ததும் சரியானது. உயரமான இன்ஜினைத் தேர்ந்தெடுப்பவர் இந்த வேலையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

கியர் விகிதங்களையும் சொல்ல வேண்டும். டைப் 9 பெட்டியின் முதல் கியர் 3.65. ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் ஏறிய குடும்பக் காரை மேட்டில் கிளப்ப வைத்த விகிதம் அது. சியரா 2.0 காரின் 3.62 டிஃபரன்ஷியலோடு சேர்ந்தால், 6000 சுழற்சியில்கூட வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டியே நிற்கும். 600 கிலோ காரில் அதைப் போட்டதும் இரண்டாவதுக்கு மாற்ற வேண்டிவரும். சிறிய இன்ஜின் சியராக்களின் 3.92 டிஃபரன்ஷியலைப் பொருத்தினால் இது இன்னும் மோசமாகும். நீளமான முதல் கியருக்குப் பல் மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. இந்தக் காரில் அது செய்யப்படவில்லை, பழகிக்கொள்ள முடிந்தது.

2005 மார்ச்சில் முதல் ஸ்டார்ட். பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஆயில் பிரஷர் ஏறியதை உறுதிசெய்த பிறகு, பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் வழியாக நெருப்பு துப்பியது. உதவிக்கு வந்திருந்த நண்பர் கிராஸ்ஃப்ளோவிலேயே கை பழகியவர். பிளக் வயர்களை அவர் 1-2-4-3 என்ற வரிசையில் மாட்டியிருந்தார். அது கிராஸ்ஃப்ளோவின் வரிசை. பின்டோவின் வரிசை 1-3-4-2. நடு இரண்டு சிலிண்டர்களின் வயர்களை இடம் மாற்றியதும், மூன்றாவது முயற்சியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. புது கேம் பழக வேண்டும் என்பதால் இருபது நிமிடம் 2000 சுழற்சிக்குக் குறையாமல் ஓட விட்டார்கள். கொட்டகை முழுக்கப் பெயின்ட் காயும் வாசனையும் சூடேறிய இரும்பின் வாசனையும். அந்த இருபது நிமிடமும் நண்பர்கள் இருவரும் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எஸ்.வி.ஏ. ஆய்வில் இன்ஜின் பற்றி எழுந்த குறை எதுவும் இல்லை. சியராவின் சொந்த கார்புரேட்டரே இருந்ததால் கார்பன் மோனாக்சைடு 2.1 சதவீதத்தில் நின்றது. முதல் முறை தோற்றது, கூர்மையான விளிம்பு கொண்ட ஒரு பிராக்கெட்டுக்காக. ரப்பர் உறை போட்டு இரண்டாம் முறை தேறியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே சியராவிலிருந்து வந்தவை என்பதைப் பழைய பதிவுப் புத்தகமும் கழற்றும்போது எடுத்த படங்களும் நிரூபித்ததால், 1987ஐக் காட்டும் எண் கிடைத்தது. இரட்டை வெபர் கார்புரேட்டர்கள் அடுத்த குளிர்காலத்தில் வந்தன. ஓடும் காரில் ஒன்றை மட்டும் மாற்றுவதால் எது மாறியது என்று உடனே தெரிந்தது.

சியராக்கள் இப்போது காயலான் கடையில் கிடைப்பதில்லை. மிஞ்சியவற்றைச் சேகரிப்பாளர்கள் பாதுகாக்கிறார்கள். முதல் காருக்கு டோனராக அந்த இடத்தில் இன்று நிற்பது, 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. இரும்பு பிளாக், இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு, நீளவாக்கில் நிற்கும் 1.6 அல்லது 1.8 லிட்டர் இன்ஜின். துருப்பிடித்த உடலோடு, ஓடும் நிலையில் ஒன்றை வாங்கினால், கியர்பாக்ஸும், ப்ராப் ஷாஃப்டும், டிஃபரன்ஷியலும், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் பிணைக்கும் அலுமினியச் சட்டமும், அந்த இன்ஜினுக்கென்றே ஓடும் முழு வயரிங்கும், அதன் சாவியும் கூடவே வந்துவிடுகின்றன.